கடலறிவும் கரைவாழ் மக்களும்: தொண்டர் பயிற்சி குறித்துச் சில சிந்தனைகள்

கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்தை அடுத்துள்ள கம்மாபுரம் கடற்கரை ஊர் அன்று. பீங்கான் தொழிலுக்குப் பேர்பெற்ற விருத்தாசலத்தையும் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களையும் அண்டையில் கொண்ட உழவர் பகுதி அது. அங்குள்ளோர் கடலைக் காண விரும்பினால் பேருந்தேறிக் கிழக்கே செல்ல வேண்டும். ஆயினும் அப்பகுதியின் நீர் கடலுக்கே செல்கிறது. விருத்தாசலத்தின் வழியே ஓடும் மணிமுத்தாறு கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கிறது. வெள்ளாறு சேத்தியாத்தோப்பையும் புவனகிரியையும் கடந்து பரங்கிப்பேட்டையில் வங்கக் கடலை அடைகிறது. வயலில் இட்ட உரத்தின் எச்சமும், சாய்க்கடையில் விட்ட கழிவும், ஆற்றில் எறிந்த பிளாஸ்டிக் பையும் அதே வழியில் கழிமுகத்தைச் சென்று சேர்கின்றன. எனவே கடலைப் பற்றிய கல்வி கடற்கரைச் சபைகளுக்கு மட்டுமே உரியது என்று நாம் ஒதுக்கிவிட இயலாது.

அண்மை ஆண்டுகளில் நம் கடற்கரைகளில் பொதுமக்கள் கூடும் நிகழ்ச்சிகள் பெருகியுள்ளன. கரையைத் தூய்மை செய்தல், ஆமை முட்டைகளைத் தேடி இரவில் நடத்தல், அலையாத்தி மரங்களை நடுதல், சிப்பி சங்குகளை மாணவருக்குக் காட்டி விளக்குதல் ஆகியவை அவற்றுள் சில. நம் வாலிபர் சங்கங்களும் ஞாயிறு பள்ளிகளும் இவற்றில் பங்குகொள்கின்றன. மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. இத்தகைய கூடுகைகள் எப்பொழுது அறிவியலாகின்றன? அவ்வறிவினால் யாருக்குப் பயன்? இவ்விரு கேள்விகளையும் நம் கரையில் உண்மையாக நிகழ்ந்தவற்றைக் கொண்டே ஆராய விழைகிறோம்.

1. தரங்கம்பாடியில் ஒரு முன்னோடி

கல்லூரியில் விலங்கியல் பயிலாத ஒருவர் கடலறிவுக்குத் தொண்டு செய்வது நமக்குப் புதியதன்று. தரங்கம்பாடி மிஷனில் பணியாற்றிய அருள்திரு. கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் (1747–1813) பள்ளிகளை நடத்தியதோடு இக்கரையின் மீன்களையும் சிப்பிகளையும் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பிவந்தார். பெர்லினில் வாழ்ந்த மீனியல் அறிஞர் மார்க்கஸ் பிளாக் அவற்றை ஆராய்ந்து நூலாக்கினார். நம் மீனவர் கத்தாழை என அழைக்கும் மீன்களுள் ஒரு பேரினத்துக்கு 'ஜானியஸ்' என்னும் பெயர் அவராலேயே 1793ஆம் ஆண்டு இடப்பட்டது. தரங்கம்பாடிப் போதகரின் பெயர் இன்றும் மீனியல் நூல்களில் நிலைத்துள்ளது. அவ்வினத்தைச் சேர்ந்த மீன் ஒன்றின் அறிவியல் பெயரில் 'கறுத்த' என்னும் தமிழ்ச் சொல்லும் இலத்தீன் உருவில் இடம்பெற்றுள்ளது.

இங்கே நாம் சற்று நிற்றல் வேண்டும். சேகரித்தவரின் பெயர் நூலேறியது. மீனவர் வழங்கிய சொல்லும் நூலேறியது. வலையிலிருந்து அம்மீனை எடுத்து, அதன் பெயரையும் அது கிடைக்கும் இடத்தையும் சொன்ன மீனவரின் பெயர் ஏறவில்லை. உயிர்களுக்குப் பெயரிடும் பணி மனிதனுக்கு அளிக்கப்பட்டதை ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில் வாசிக்கும் நாம், பெயரிட்டோர் பலர் பெயரற்றுப் போனதையும் எண்ணிப்பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம். தொண்டர் பயிற்சியை மதிப்பிட இதுவே நல்ல அளவுகோல்: அறிவைத் தருவோர் யார், அதைப் பெறுவோர் யார், பதிவு யார் கையில் தங்குகிறது?

2. ஆமை நடை கற்பித்தது

தமிழகக் கரையில் பொதுமக்கள் பங்குகொள்ளும் கடலறிவுப் பணிகளுள் மிகப் பழையது பங்குனி ஆமைகளைக் குறித்ததாகும். ஆலிவ் ரிட்லி என உலகம் அழைக்கும் இவ்வாமை தை முதல் பங்குனி வரை நம் கரையேறி முட்டையிடுகிறது; பெயரும் அதனால் வந்ததே. 1970களின் தொடக்கத்தில் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சார்ந்த ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடைய நண்பர்களும் இரவில் கடற்கரையில் நடந்து கூடுகளைத் தேடத் தொடங்கினர். அவர்களோடு இணைந்த சதீஷ் பாஸ்கர், பின்னர் இந்தியக் கரையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே ஆமைகளின் நிலையை ஆராய்ந்தார். 1988ஆம் ஆண்டு சென்னைக் கல்லூரி மாணவர்கள் 'மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு' என்னும் குழுவை அமைத்தனர். நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 7 கிலோமீட்டர்க் கரையில் ஒவ்வொரு பருவத்திலும் இரவுதோறும் நடக்கும் வழக்கம் அக்குழுவில் இன்றும் தொடர்கிறது.

இத்தொண்டர்கள் கற்பது என்ன? முதலாவது, மணலில் பதிந்த தடத்தை வாசித்தல். ஏறிய தடம் எது, இறங்கிய தடம் எது, ஆமை முட்டையிட்டதா அல்லது வெறுமனே திரும்பிற்றா என்பதைத் தடத்தைக் கொண்டே அறிய வேண்டும். இரண்டாவது, கூட்டைத் திறத்தல். குடுவை வடிவிலுள்ள அக்குழி ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழமுடையது. அதில் 100க்கும் மேற்பட்ட முட்டைகள் இருப்பதுண்டு. இட்டுச் சில மணி நேரத்துக்குப் பின் முட்டையைப் புரட்டினால் உள்ளே ஒட்டி வளரும் கரு சிதையும். ஆகையால் எடுத்த நிலையிலேயே வைத்துக் கொண்டுசென்று, அதே ஆழமும் அகலமும் உள்ள குழியைப் பொரிப்பகத்தில் தோண்டிப் புதைக்கின்றனர். மூன்றாவது, எழுதிவைத்தல். நாள், நேரம், இடம், குழியின் அளவு, முட்டைகளின் எண்ணிக்கை, 45 முதல் 60 நாட்களுக்குப் பின் வெளிவந்த குஞ்சுகளின் எண்ணிக்கை ஆகிய யாவும் ஏட்டில் ஏறுகின்றன.

இம்மூன்றாவது பகுதியே முதன்மையானது என்பது நம் கருத்து. ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே தீர்மானிக்கிறது. வெப்பம் மிகுந்தால் பெண் குஞ்சுகள் மிகும். எனவே வெப்பம் கூடிவரும் இக்காலத்தில் பொரிப்பகத்துக்கு நிழற்பந்தல் தேவையா என்னும் கேள்விக்கு இரக்கம் விடை தராது. ஆண்டுதோறும் குறித்துவைத்த மணல் வெப்பமே விடை தரும். 2025ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அதனைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அவ்வாண்டு நேர்ந்தது வழக்கமான இழப்பா, பேரிழப்பா என்று எவரேனும் சொல்ல வேண்டுமாயின் முந்தைய ஆண்டுகளின் எண்ணிக்கை தேவை. அந்த எண்ணிக்கையில் பெரும்பங்கு, ஊதியமின்றி இரவில் நடந்தோரின் ஏடுகளில் இருந்தது.

3. எண்ணுதலின் ஆற்றல்

கடற்கரைத் தூய்மைப் பணியைக் குறித்தும் இதையே சொல்லலாம். 1986ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் ஏறத்தாழ 2,800 பேர் கூடிக் குப்பை அகற்றினர். அதை ஏற்பாடு செய்த இரு பெண்களான லிண்டா மாரனிஸும் கேத்தி ஓஹாராவும் பைகளோடு எழுத்து அட்டைகளையும் தொண்டர் கையில் கொடுத்தனர். எத்தனை புட்டிகள், எத்தனை கயிற்றுத் துண்டுகள், எத்தனை மூடிகள் என ஒவ்வொன்றும் குறிக்கப்பட்டது. அதுவே உலகெங்கும் பரவி, செப்டம்பர் மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை நிகழும் பன்னாட்டுக் கடற்கரைத் தூய்மை நாளாயிற்று. நம் நாட்டில் கடலோரக் காவல்படை அதனை ஒருங்கிணைக்கிறது. அகற்றிய குப்பை மறுவாரமே மீண்டும் வந்து சேரும். எழுதிய அட்டையோ, அது எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டும். எண்ணாமல் கூட்டிய கரையில் எஞ்சுவது ஒரு புகைப்படமே.

நம் மாவட்டத்திலேயே இதற்கு வலிமையான சான்று உண்டு. கடலூரில் உப்பனாற்றங்கரையில் அமைந்த சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றிய சிற்றூர்களில் வாழ்வோர், துர்நாற்றத்தையும் கண்ணெரிச்சலையும் குறித்து நெடுநாள் முறையிட்டுவந்தனர். 'நாற்றம்' என்று சொன்னால் அது முறையீடாகவே நின்றுவிடும். 2004ஆம் ஆண்டு அவ்வூரார் சிலர் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளராகப் பயிற்சி பெற்றனர். எந்நாளில், எந்நேரத்தில், காற்று எத்திசையிலிருந்து வீசும்போது, எவ்வகை நாற்றம் வந்தது என்பதை நாட்குறிப்பில் எழுதக் கற்றனர். 1990களில் கலிபோர்னியாவின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளை அடுத்து வாழ்ந்த மக்களுக்கென உருவாக்கப்பட்ட எளிய வாளிக் கருவியால் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினர். புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை உட்படப் பல நச்சு வேதிப்பொருள்கள் அதில் இருப்பது தெரியவந்தது. அதன் பின்னர் அரசு சார்ந்த ஆய்வு நிறுவனமும் அப்பகுதிக் காற்றை ஆராய முற்பட்டது. இது காற்றைப் பற்றியதாயினும் கரைவாழ் மக்களின் பயிற்சியே. அவர்கள் மூக்கு முன்பும் உண்மையையே கூறிற்று. பயிற்சி அவ்வுண்மையைப் பிறர் மறுக்கவொண்ணாத வடிவில் நிறுத்தியது.

4. பிச்சாவரத்தின் இரு பாடங்கள்

வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் இடையே விரிந்துள்ளது பிச்சாவரம் அலையாத்திக் காடு. சுரபுன்னையும் வெண்கண்டலும் தில்லையும் அங்கு வளர்கின்றன. சிதம்பரத்தின் பழம்பெயராகிய தில்லை இம்மரத்தின் பெயரே. வெள்ளாற்றின் வடகரையில் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் 1960களிலிருந்து இக்கழிமுகத்தையும் காட்டையும் ஆராய்ந்துவருகிறது. உலகறிந்த அவ்வாய்வு நிலையம் கம்மாபுரத்தார்க்கு அதே மாவட்டத்துக்குள் இருப்பது நினைக்கத்தக்கது.

முதற் பாடம் காட்டை மீட்டது பற்றியது. முன்னாளில் வனத்துறை இக்காட்டைப் பகுதி பகுதியாக முற்றும் வெட்டும் முறையைக் கையாண்டது. வெட்டிய நிலம் வெயிலில் காய்ந்து அமிழ்ந்து பள்ளமாயிற்று. ஓதத்தின்போது புகுந்த நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, ஆவியாகி, உப்பு மிகுந்தது; அதில் கன்று பிழைக்கவில்லை. மக்கள் விறகு வெட்டியதும் மாடு மேய்த்ததுமே அழிவுக்குக் காரணம் என்று கூறப்பட்டுவந்தது. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் நிலத்தின் மட்டத்தையும் நீரின் உப்பையும் அளந்து இவ்வுண்மையைக் கண்டனர். பின்னர் வனத்துறையோடும் சுற்றுச் சிற்றூர்களின் மக்களோடும் சேர்ந்து, மீன் முள்ளின் வடிவில் கால்வாய்கள் வெட்டி ஓதநீர் வந்து செல்ல வழிசெய்தனர். ஓரங்களில் நட்ட வெண்கண்டல் தழைத்தது. கையால் தடவி மீனும் இறாலும் பிடிக்கும் இருளர் மக்களும் இப்பணியில் பங்கேற்றனர். சரியான அளவீடு காட்டை மீட்டதோடு, ஏழை மக்கள்மேல் சுமத்தப்பட்டிருந்த பழியையும் நீக்கிற்று.

இரண்டாவது பாடம் சற்றே கடினமானது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலைக்குப் பின், பரங்கிப்பேட்டை ஆய்வாளர்கள் இக்கரையின் 18 மீனவக் குப்பங்களை ஆராய்ந்து, மரங்கள் அடர்ந்த இடங்களில் உயிரிழப்புக் குறைந்தது என 2005இல் எழுதினர். மறு ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதே எண்களை மீண்டும் கணக்கிட்டு, கடலிலிருந்து ஊர் இருந்த தொலைவும் மேடுமே பெரும்பாலும் அவ்வேறுபாட்டை விளக்கிவிடுகின்றன என வாதிட்டனர். காடு மீனுக்கு நாற்றங்காலாகவும் கரைக்கு அரணாகவும் இருப்பதை இது மறுப்பதாகாது. ஆனால் 'மரம் நட்டால் பேரலை தடைபடும்' என்று பிரசங்க பீடத்திலிருந்து நாம் எளிதாகக் கூறிவிடலாகாது. அதை நம்பி ஒரு குடும்பம் தாழ்ந்த கரையிலேயே வீடு கட்டுமாயின் அச்சொல்லுக்குப் பொறுப்பேற்பவர் யார்? எண்ணக் கற்பிப்பதோடு, எண்ணியது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று வேறுபடுத்தவும் பயிற்சி கற்பிக்க வேண்டும்.

5. பயிற்சி எவ்வாறு அமைதல் வேண்டும்?

மேற்கண்டவற்றிலிருந்து சில நெறிகளைத் திரட்டிக் கூறலாம்.

(அ) இடமும் காலமும் மாறாதிருத்தல். ஒரே கரையில், கயிறு பிடித்து அளந்த ஒரே நீளத்தில், மாதத்தில் அதே ஓத வேளையில் பார்க்க வேண்டும். ஒரு முறை பத்து ஊர்களைக் காண்பதினும் ஓர் ஊரைப் பன்னிரு மாதங்கள் காண்பது நன்று. சேற்றில் வாழும் நண்டு வளைகளை எண்ண, ஒரு மீட்டர் சதுர மரச்சட்டம் ஒன்றும் பென்சிலும் போதும்.

(ஆ) இல்லாததையும் எழுதுதல். தொண்டர் பெரும்பாலும் செய்யும் பிழை, ஒன்றும் காணாத நாளை எழுதாமல் விடுவதாகும். ஆமை வராத இரவும், நண்டு இல்லாத சட்டமும், சுழியம் என்று எழுதப்பட வேண்டும். எழுதாவிடில், ஒருவரும் செல்லாத நாளும் ஒன்றும் இல்லாத நாளும் ஒன்றுபோலத் தோன்றும்.

(இ) இருவர் தனித்தனியே எண்ணுதல். பயிற்சியற்றோர் எண்ணிக்கையை அறிஞர் ஐயுறுவது இயல்பே. ஒரே இடத்தை இருவர் ஒருவர் ஏட்டை மற்றவர் பாராமல் எண்ணி ஒப்பிட்டால், பிழையின் அளவே தெரிந்துவிடும்.

(ஈ) ஊர்ப்பெயரை முதலில் எழுதுதல். வாடை, கொண்டல், தென்றல், கோடை எனக் காற்றுக்கு நான்கு பெயர் வைத்த மொழி நம்முடையது. மீனுக்கும் நீரோட்டத்துக்கும் ஒவ்வொரு குப்பத்திலும் தனிப்பெயர்கள் உண்டு. மீனவர் வழங்கும் பெயரை முதலில் எழுதி, அறிவியல் பெயரை அதன் அருகில் சேர்த்தல் வேண்டும். பயிற்றுநர் குழுவில் மீனவர் ஒருவரேனும், மீன் விற்கும் பெண் ஒருவரேனும் ஆசிரியராக அமர்வது தகும்.

(உ) சட்டத்தையும் உயிரையும் மதித்தல். கடலாமைகள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. வனத்துறையின் இசைவின்றி முட்டையைத் தொடுதல் குற்றம். நல்லெண்ணம் இதற்கு விலக்கு அன்று.

(ஊ) முடிவை ஊருக்குத் திருப்பித் தருதல். தொகுத்த எண்கள் அறிஞர் கோப்பில் மட்டும் தங்கிவிடலாகாது. அவற்றை ஊர்ப் பஞ்சாயத்தார் முன்னும் மீனவர் கூட்டத்திலும் தமிழில் வாசித்து, அவர்கள் மறுப்பையும் கேட்டு எழுத வேண்டும்.

6. இரு எச்சரிக்கைகள்

'தன்னார்வம்' என்னும் சொல் எல்லார்க்கும் ஒரே விலையுடையதன்று. சம்பளம் பெறுவோர்க்கு ஒரு சனிக்கிழமை ஓய்வு நாள். நாட்கூலிக்குச் செல்வோர்க்கு அது அடுப்பெரியும் நாள். கரைவாழ் மக்களிடம் நாட்கணக்கில் உழைப்பை வேண்டும் திட்டம் அவர்களுக்குரிய கூலியையும் எண்ண வேண்டும். இலவச உழைப்பை ஏழையிடம் கேட்டுவிட்டு அதனைத் தொண்டு என்று போற்றுதல் நேர்மையாகாது.

மற்றொன்று, தொண்டர் காவலராக மாறும் ஆபத்து. ஆமை மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். நெடுநேரம் இழுக்கப்படும் இழுவலையில் சிக்கினால் மூழ்கி இறக்கும். கரையை ஒட்டிய கடலில் விசைப்படகின் மீன்பிடிப்பை 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அவ்விதி மீறப்படும்போது ஆமையோடு சேர்ந்து இழப்பவர் சிறுவலை கொண்டு பிழைக்கும் நாட்டுப்படகு மீனவரே. இதை அறியாத நகரத்துத் தொண்டர், 'மீனவர் ஆமையைக் கொல்கின்றனர்' என்று பொதுப்படக் கூறித் தோழமை கொள்ளவேண்டியோரைப் பகைத்துக்கொள்கின்றனர். இதற்கு மாறான வழியைப் பாக்கு நீரிணையில் காண்கிறோம். அங்கு ஆவுளியா என மீனவர் அழைக்கும் கடற்பசுவைக் காக்க, இந்திய வனவிலங்கு நிறுவனம் மீனவரையே தொண்டராக்கிற்று. வலையில் சிக்கியதை விடுவிப்பவரும், கண்ட இடத்தைத் தெரிவிப்பவரும் அவர்களே. 2022ஆம் ஆண்டு தமிழக அரசு அங்கு 448 சதுர கிலோமீட்டர்ப் பரப்பை நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது.

7. நம் முன் உள்ள பணி

ஆயர்களும் இறையியல் மாணவர்களும் கடலறிஞர் ஆக வேண்டும் என நாம் கூறவில்லை. அவர்களிடம் அறிஞரிடம் இல்லாத இரண்டு உள்ளன: ஊரில் நிலைத்த சபை ஒன்று, தவறாமல் கூடும் வழக்கம் ஒன்று. ஆராய்ச்சித் திட்டம் மூன்று ஆண்டுகளில் முடியும். ஆய்வு மாணவர் பட்டம் பெற்றுச் செல்வார். ஞாயிறுதோறும் மணியடிக்கும் சபை அங்கேயே இருக்கும். தொடர்ந்து எண்ணுதல் என்னும் பணிக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு அரிது. மற்றச் சமயத்தாரின் இளைஞரையும் பள்ளி ஆசிரியரையும் மீனவச் சங்கத்தாரையும் சேர்த்துச் செய்யத்தக்க பணியும் இதுவே.

கடற்கரைச் சபை ஒன்று ஒரு கிலோமீட்டர்க் கரையைத் தன் பொறுப்பில் ஏற்கலாம். கம்மாபுரம் போன்ற உள்நாட்டுப் பகுதியின் இளைஞர், மணிமுத்தாறு அல்லது வெள்ளாற்றின் கரையில் ஓரிடத்தைக் குறித்து, மாதந்தோறும் நூறு அடி நீளத்தில் ஒதுங்கும் பிளாஸ்டிக்கை வகைபிரித்து எண்ணலாம். மழைக்கு முன்னும் பின்னும் நீரின் நிறத்தைக் குறிக்கலாம். கழிமுகத்தில் எண்ணுவோரின் ஏட்டோடு அவ்வேட்டை ஒப்பிட்டால், மேலிருந்து சென்றது எது, கரையில் சேர்ந்தது எது என்பது தெளிவாகும். அவ்வறிவு பரங்கிப்பேட்டை மீனவரின் வலையைப் பற்றியது. கம்மாபுரத்து உழவரின் பழக்கத்தையும் பற்றியது. இரு ஏடுகளும் ஒரே மேசையில் விரிக்கப்படும் நாளில், அம்மேசையைச் சுற்றி உழவரும் மீனவரும் சேர்ந்து அமர வேண்டியிருக்கும். அதற்கான முதற்செலவு ஒரு கயிறு, ஒரு பென்சில், ஒரு நோட்டுப் புத்தகம் மட்டுமே.